மூன்று தலைமுறைத் தாளும் ஒரு குழாய் இரத்தமும்

பிள்ளையின் இதயத்தை எக்கோ என்ற ஒலியலைப் படம் எடுத்து முடிந்ததும், பரம்பரை நோய் என்ற ஐயம் வந்த வைத்தியர் ஒரு வெற்றுத் தாளை எடுப்பார். நடுவில் ஒரு சின்னச் சதுரம் போடுவார். அது மகன். மேலே கோடு இழுத்து அப்பாவுக்கு ஒரு சதுரம், அம்மாவுக்கு ஒரு வட்டம். இறந்தவர் என்றால் உருவத்தின்மேல் சாய்வாக ஒரு கோடு. நோய் இருந்தவர் என்றால் உள்ளே கறுப்பு நிரப்பப்படும். சொந்தத்துக்குள் கலியாணம் என்றால் இருவருக்கும் நடுவே இரட்டைக் கோடு. மூன்று தலைமுறை ஏறுவதற்குள் தாள் நிறைந்துவிடும். இடையில் ஒரு கேள்வி வரும்: "உங்கட பக்கத்துல இளவயசுல திடீரெண்டு செத்துப்போன ஆக்கள் ஆரும் இருக்காங்களா?"

அந்தக் கேள்விக்குக் கிடைக்கும் பதில், பல இலட்சம் ரூபாய் இயந்திரம் சொல்லாததையும் சொல்லிவிடக்கூடும். பிள்ளைகளின் பரம்பரை இதயத்தசை நோய்க்கு மரபணுப் பரிசோதனை எந்தளவு உதவும், எங்கே உதவாது என்ற விசாரணையை இந்தத் தாளிலிருந்து தொடங்குவதுதான் சரி. இரத்தக் குழாய் அதற்குப் பிறகுதான் வருகிறது.

அந்த விசாரணையை ஓர் ஊரிலிருந்து பார்ப்போம். ஈச்சிலம்பற்று திருகோணமலை மாவட்டத்தின் தென்கோடியில் இருக்கிறது. மகாவலியின் கிளையான வெருகல் ஆற்றைத் தாண்டினால் மட்டக்களப்பு மாவட்டம். பூநகர், மாவடிச்சேனை, பூமரத்தடிச்சேனை, இலங்கைத்துறை முகத்துவாரம் என்று வயலும் சேனையும் மாடும் மீனுமாக வாழும் ஊர்கள். ஒரு காலத்தில் திருகோணமலை நகருக்குப் போக ஆறுகளையும் களப்புகளையும் 'பாதை' ஏறிக் கடக்க வேண்டியிருந்தது. இந்தப் பக்கத்தில் பாதை என்றால் ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிக்கொண்டு மறுகரைக்குப் போகும் மிதவை. 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்தது. வெருகல் வரையுள்ள மற்றப் பாலங்களும் அடுத்தடுத்து வந்தன. இன்று பஸ் நேராகப் போகிறது. ஆனாலும் சிறுவர் இதய நோய்க்கென்றே படித்த வைத்தியரைக் காண, பொரளையிலுள்ள சீமாட்டி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலை வரை போக வேண்டி வரலாம். அதற்கு ஓர் இரவுப் பயணமும், ஒரு நாள் கூலியும், வீட்டில் விட்டுவரும் மற்றப் பிள்ளைகளைப் பார்க்க ஓர் ஆளும் வேண்டும்.

நோயைச் சுருக்கமாகச் சொல்லலாம். இதயம் ஒரு தசைப்பை. அதன் சுவர் வெளிக் காரணமின்றித் தடித்துப் போவது ஒரு வகை. சுவர் மெலிந்து பை விரிந்து, அடிக்கும் வலுவை இழப்பது இன்னொரு வகை. விறைத்துப்போய் நிரம்ப மறுப்பது, தசை இருந்த இடத்தில் கொழுப்பும் தழும்பும் ஏறுவது என்று அரிதான வகைகளும் உண்டு. தடிக்கும் வகையை 1958இல் இலண்டனில் டொனால்ட் டியர் என்ற நோயியல் வைத்தியர் தெளிவாக விவரித்தார். பிரேதப் பரிசோதனை மேசைக்கு வந்த இளவயதினரின் இதயச் சுவர் ஒரு பக்கம் மட்டும் புடைத்திருந்ததை அவர் கவனித்து எழுதினார். வளர்ந்தவர்களில் ஏறத்தாழ 500 பேரில் ஒருவருக்கு இந்தத் தடிப்பு இருப்பதாகக் கணக்கு. பிள்ளைகளில் மிக அரிது. அமெரிக்கா, அவுஸ்திரேலியா ஆகிய நாடுகளின் பதிவேடுகளின்படி எல்லா வகையும் சேர்த்து ஒரு இலட்சம் பிள்ளைகளில் ஆண்டுக்கு ஒருவருக்குச் சற்று மேல் புதிதாகக் கண்டுபிடிக்கப்படுகிறது.

அரிது என்பதால்தான் தவறிப்போகிறது. கைக்குழந்தை பால் குடிக்கும்போது தலையெல்லாம் வியர்க்கும், மூச்சு வாங்கும், நிறை ஏறாது. சளி என்று மருந்து கொடுப்பார்கள். பெரிய பிள்ளை ஓடும்போது மயங்கி விழும். வலிப்பு என்பார்கள், பயந்துவிட்டது என்று நூல் கட்டுவார்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது விழுந்த மயக்கத்துக்கும் வெயிலில் வரிசையில் நின்று விழுந்த மயக்கத்துக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. முதலாவது இதயத்தைப் பார்க்கச் சொல்லும் மயக்கம். இந்த ஒரு செய்தி பாடசாலை ஆசிரியர்களுக்கும் குடும்பநல உத்தியோகத்தர்களுக்கும் தெரிந்திருந்தாலே சில உயிர்கள் தங்கும். 2003 ஜூன் 26 அன்று பிரான்சின் லியோன் மைதானத்தில், கமரூன் கால்பந்து வீரர் மார்க் விவியன் ஃபோ ஆட்டத்தின் நடுவே சரிந்து விழுந்தார். வயது 28. எத்தனையோ வைத்தியர்கள் பார்த்துப் பழகிய உடல் அது. பிரேதப் பரிசோதனையில்தான் இதயச் சுவர் தடித்திருந்தது தெரிய வந்தது.

மரபணுவின் கதை கனடாவின் கியூபெக் மாகாணத்திலுள்ள கோட்டிகுக் என்ற ஊரில் தொடங்குகிறது. அங்கே ஒரு பெரிய குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாக இளவயதுச் சாவுகள் நிகழ்ந்தன. 1961இல் மொன்றியல் வைத்தியர்கள் அந்தக் குடும்பத்தின் வரைபடத்தை வெளியிட்டார்கள். ஏறத்தாழ 30 ஆண்டுகள் கழித்து, 1990இல், ஹார்வர்டில் பணியாற்றிய கிறிஸ்டின் சைட்மன், ஜொனதன் சைட்மன் தம்பதியின் குழு அதே குடும்பத்தின் இரத்தத்திலிருந்து காரணத்தைக் கண்டுபிடித்தது. தசையைச் சுருங்க வைக்கும் மயோசின் என்ற புரதத்தை எழுதும் மரபணுவில் ஒரே ஒரு எழுத்து மாறியிருந்தது. அந்தக் குடும்பத்தின் வரைபடத்தை முன்பே யாரோ பொறுமையாக வரைந்து வைத்திருக்காவிட்டால் இரத்தம் மட்டும் ஒன்றும் சொல்லியிருக்காது.

அடுத்த திருப்பம் தமிழருக்கு மிக நெருக்கமானது.

2009 ஜனவரியில் 'நேச்சர் ஜெனெடிக்ஸ்' இதழில் ஓர் ஆய்வு வந்தது. முதல் ஆசிரியர் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த பெருந்துறை தண்டபாணி. வழிநடத்தியவர்களில் முக்கியமானவர் ஹைதராபாத் உயிரணு, மூலக்கூற்று உயிரியல் மையத்தின் குமாரசாமி தங்கராஜ். இதயத்தசையின் இழைகளைக் கட்டிப் பிடிக்கும் ஒரு புரதம் உண்டு. அதை எழுதும் மரபணுவில் 25 எழுத்துகள் காணாமல் போன ஒரு குறையை முன்னரே, 2003இல், இந்தியக் குடும்பங்களில் கண்டிருந்தார்கள். தண்டபாணி குழு அதே குறையை ஆயிரக்கணக்கானோரில் தேடியது. தென்னாசிய மக்களில் ஏறத்தாழ 4 சதவீதத்தினர் அதைச் சுமக்கிறார்கள் என்று தெரிந்தது. இலங்கையிலும் அது இருந்தது, பாகிஸ்தானிலும் இருந்தது. தென்னாசியத் தொடர்பில்லாத உலகின் மற்றப் பகுதிகளில் காணப்படவில்லை. ஏறத்தாழ 33,000 ஆண்டுகளுக்கு முன் தோன்றியிருக்கலாம் என்று கணித்தார்கள். குறை உள்ளவருக்கு இதயத்தசை நோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ 7 மடங்கு என்றார்கள்.

நூறில் நான்கு பேர் என்றால் ஒரு பாடசாலையில் சராசரியாக வகுப்புக்கு ஒரு பிள்ளை இருக்கும். அந்தச் செய்தி பத்திரிகைகளில் வந்தபோது, இனி எல்லாப் பிள்ளைகளையும் சோதித்துவிடலாம் என்ற எண்ணம் எழுந்தது இயல்பு. அப்படிச் செய்யாதது நல்லதாயிற்று.

ஏனென்றால் ஆய்வு அங்கே நிற்கவில்லை. குறையைச் சுமந்த மிகப் பலர் முதுமை வரை நோயின்றி வாழ்ந்தார்கள். அப்படியானால் அந்த 25 எழுத்துகள் உண்மையிலேயே குற்றவாளியா என்ற கேள்வி எழுந்தது. 2018இல் அமெரிக்காவில் வாழும் தென்னாசியரிடையே நடந்த ஆய்வு, அந்தக் குறையோடு சிலரில் அதே மரபணுவின் வேறோர் இடத்தில் இன்னொரு மாற்றமும் சேர்ந்தே வருவதைக் காட்டியது. 2020இல் பிரித்தானிய ஆய்வாளர்கள் மேலும் ஒரு படி போனார்கள். 25 எழுத்துக் குறை மட்டும் தனியே உள்ளவர்களிடம் நோய் கூடுதலாக இல்லை. அதே மரபணுவில், பொதுவாகச் சோதனையில் வாசிக்காத ஓர் இடைப்பகுதியில், ஓர் எழுத்து மாறியவர்கள் சிலர் இருந்தார்கள். அந்த மாற்றம் குறையோடு ஒரே இழையில் ஒட்டிக்கொண்டே பயணம் செய்திருக்கிறது. நோயைக் கொண்டுவந்தது அந்த ஒற்றை எழுத்து. 25 எழுத்துக் குறை, திருடனோடு ஒரே பஸ்ஸில் வந்ததற்காகப் பிடிபட்டவரின் நிலையில் இருந்தது என்று சொல்லலாம்.

இதிலிருந்து ஒரு கிராமத்துத் தாய் தெரிந்துகொள்ள வேண்டியது என்ன? 2010இல் ஒரு பிள்ளையின் இரத்தத்தைச் சோதித்து, "25 எழுத்துக் குறை இருக்கிறது, இதயம் கெடும்" என்று யாராவது எழுதிக் கொடுத்திருந்தால், அந்தப் பிள்ளை பத்து ஆண்டுகள் ஓடாமல், விளையாடாமல், தேவையற்ற பயத்தோடு வளர்ந்திருக்கும். மறுபுறம், மரபணுவின் புரதம் எழுதும் பகுதிகளை மட்டும் வாசிக்கும் வழக்கமான சோதனை அந்த இடைப்பகுதி எழுத்தைத் தவறவிட்டிருக்கும். உண்மையில் ஆபத்து உள்ள பிள்ளைக்கு "ஒன்றுமில்லை" என்ற தாள் போயிருக்கும். இரண்டு தவறுமே கொடியவை. தென்னாசியப் பிள்ளையின் இரத்தத்தை அனுப்பும் வைத்தியர், அந்த இடைப்பகுதியையும் ஆய்வுகூடம் வாசிக்கிறதா என்று கேட்டுவிட்டு அனுப்புவது இன்று அவசியம்.

சோதனை எப்படி நடக்கிறது என்பதையும் பார்த்துவிடலாம். ஊதா மூடிக் குழாயில் சில மில்லிலீற்றர் இரத்தம் எடுப்பார்கள். வெள்ளை அணுக்களிலிருந்து டிஎன்ஏ பிரிக்கப்படும். இதயத்தசையோடு தொடர்புள்ள பல மரபணுக்களை ஒரே தடவையில் இயந்திரம் வாசிக்கும். வாசிப்பது இன்று எளிது, வாசித்ததைப் பொருள்கொள்வதுதான் கடினம். ஒவ்வொரு மனிதரிடமும் இலட்சக்கணக்கான எழுத்து மாற்றங்கள் இருக்கின்றன. அவற்றில் எது தீங்கு, எது வெறும் வேறுபாடு? 2015இல் அமெரிக்க மருத்துவ மரபியல் கல்லூரி வகுத்த முறையின்படி முடிவு ஐந்து படிகளில் ஒன்றாக வரும்: நோய் தருவது, அநேகமாக நோய் தருவது, பொருள் தெளிவாகாதது, அநேகமாகத் தீங்கற்றது, தீங்கற்றது. நடுப்படிதான் குடும்பங்களை வதைப்பது. "இருக்கு, ஆனா என்னெண்டு தெரியாது" என்ற பதிலோடு வீட்டுக்குப் போகும் தாய்க்கு நித்திரை வராது. அந்த நடுப்படி முடிவை வைத்து எந்தச் சிகிச்சையும் தொடங்கக் கூடாது, சகோதரங்களைச் சோதிக்கவும் கூடாது என்பதை வைத்தியர் வாயால் சொல்லியே அனுப்ப வேண்டும்.

நீளமான பட்டியல் நல்ல பட்டியல் என்று நினைப்பதும் தவறு. தடிப்பு நோய்க்குக் காரணம் என்று ஆய்வுகூடங்கள் சோதித்துவந்த 33 மரபணுக்களை 2019இல் பன்னாட்டு நிபுணர் குழு ஒன்று மீளாய்வு செய்தது. முழு உறுதியான சான்று இருந்தது 8க்கு மட்டுமே. 2016இல் ஹார்வர்ட் ஆய்வாளர்கள் வெளியிட்டது இன்னும் துயரமானது. கறுப்பின அமெரிக்கர்களிடம் சாதாரணமாகக் காணப்படும் சில மாற்றங்களை நோய் தருபவை என்று முத்திரை குத்தி, ஆய்வுகூடங்கள் பலருக்கு அறிக்கை கொடுத்திருந்தன. ஒப்பிடுவதற்கு எடுத்த ஆரோக்கியமானவர்களில் கறுப்பினத்தவர் போதிய அளவு இல்லாததே காரணம். சிலரையாவது சேர்த்திருந்தால் அந்தத் தவறு நேர்ந்திருக்காது என்று அந்த ஆய்வாளர்கள் கணக்கிட்டுக் காட்டினார்கள்.

இலங்கைத் தமிழருக்கு அப்படியொரு ஒப்பீட்டுத் தொகுப்பு எங்கே இருக்கிறது? '1000 ஜீனோம்' என்ற உலகத் திட்டம் 2015இல் 26 மக்கள் கூட்டங்களைச் சேர்ந்த 2,504 பேரின் முழு மரபுத் தொகுதியை வெளியிட்டது. அதில் இலங்கைத் தமிழர் 102 பேர் உண்டு. ஆனால் அந்த இரத்தம் எடுக்கப்பட்டது பிரித்தானியாவில் வாழும் தமிழரிடம். இடம்பெயர்ந்து போனவர்களின் இரத்தம்தான் ஊரில் இருப்பவர்களின் பிள்ளைகளுக்கு உலகத்தில் சாட்சியாக நிற்கிறது. 2025 ஜனவரியில் இந்தியா 10,000 பேரின் மரபுத் தொகுதித் தரவை ஆய்வாளர்களுக்குத் திறந்துவிட்டது. கிழக்கிலங்கைக்கு அதுவும் ஓரளவு உதவும். கிழக்கின் சொந்தத் தொகுப்பு ஒன்று உருவாகும்வரை, நடுப்படி முடிவுகள் இங்குள்ள பிள்ளைகளுக்கு மற்றவர்களைவிட அதிகமாகவே வரும்.

இவ்வளவு ஐயங்களுக்கு நடுவே சோதனை எதற்கு என்று கேட்கலாம். சில பிள்ளைகளுக்கு அது மருந்தையே மாற்றிவிடும் என்பதுதான் பதில். தடித்த இதயத்தோடும் தொய்ந்த உடலோடும் வரும் கைக்குழந்தைக்குப் பொம்பே நோய் இருக்கலாம். உடலில் சேரும் ஒருவகைச் சர்க்கரையை உடைக்கும் நொதியம் இல்லாததால் வருவது அது. சிகிச்சை இல்லாவிட்டால் பெரும்பாலான குழந்தைகள் ஒரு வயதைத் தாண்டுவதில்லை. 2006 முதல் அந்த நொதியத்தையே ஊசியாக ஏற்றும் சிகிச்சை இருக்கிறது. விலை மிக அதிகம் என்பது வேதனையான உண்மை. இதற்கு நேர்மாறாக, கார்னிட்டின் என்ற பொருளை அணுக்களுக்குள் கொண்டு செல்லும் வாயில் பழுதாகிப் பிறக்கும் பிள்ளைகளுக்கு, அதே கார்னிட்டினைப் பாணியாகவோ குளிசையாகவோ தினமும் கொடுத்தால் விரிந்த இதயம் திரும்பச் சுருங்கிவிடும். வட அத்திலாந்திக்கின் மீன்பிடித் தீவுகளான ஃபரோவில் ஏறத்தாழ 300 பேரில் ஒருவருக்கு இந்தக் குறை உண்டு. அங்கே இளவயதினர் சிலர் திடீரென்று இறந்த பிறகு, அரசே மக்களை அழைத்துப் பரிசோதித்தது.

தண்டபாணியின் பெயர் இங்கே மறுபடியும் வருகிறது. 2014இல் அவர் முதல் ஆசிரியராக இருந்த ஆய்வு, தென்னிந்தியா, வட இந்தியா, ஜப்பான் ஆகிய இடங்களின் நோயாளிகளைச் சேர்த்துப் பார்த்தது. இளவயதிலேயே இதயம் விரிந்தவர்களில் ஏறத்தாழ 9 சதவீதத்தினருக்கு ராஃப்1 என்ற மரபணுவில் மாற்றம் இருந்தது. அதுவரை அந்த மரபணுவைத் தடிப்பு நோயோடும் நூனன் என்ற பிறவி நோய்க்கூட்டோடும் மட்டுமே சேர்த்துப் பேசினார்கள். சிறுவர்களின் இதயத்தசை நோய் வளர்ந்தவர்களின் நோயின் சின்னப் பிரதி அல்ல என்பதற்கு இது நல்ல சான்று. பிள்ளையில் காரணங்கள் பல, ஆகவே தேடலும் அகலமாக இருக்க வேண்டும்.

நோயுள்ள பிள்ளையைவிட, நோயில்லாத சகோதரங்களுக்குத்தான் சோதனை பெரும்பாலும் அதிகம் பயன்படுகிறது. இதயத்தசை நோயின் பெரும்பகுதி, அப்பாவிடமிருந்தோ அம்மாவிடமிருந்தோ பாதிக்குப் பாதி வாய்ப்பில் இறங்குவது. அண்ணனுக்கு நோய் என்றால் தம்பி, தங்கைக்கு எக்கோவும் ஈசிஜியும் எடுக்க வேண்டும். ஒருமுறை எடுத்து விட்டுவிட முடியாது. சிறுவருக்கு ஒன்று முதல் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை, வளர்ந்த பிறகு மூன்று முதல் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை என்று அமெரிக்க இதய வைத்திய அமைப்புகளின் 2020 வழிகாட்டி சொல்கிறது. முன்பெல்லாம் பத்து வயது வரை காத்திருக்கலாம் என்று நினைத்தார்கள். இலண்டனின் கிரேட் ஓர்மண்ட் ஸ்ட்ரீட் சிறுவர் வைத்தியசாலை 594 குடும்பங்களின் 1,198 பிள்ளைகளைப் பார்த்து 2019இல் வெளியிட்ட ஆய்வு அந்த நம்பிக்கையை உடைத்தது. ஏறத்தாழ இருபதில் ஒரு பிள்ளைக்கு நோய் கண்டுபிடிக்கப்பட்டது. அவர்களில் பெரும்பாலோர் பதின்ம வயதையே எட்டியிருக்கவில்லை.

மரபணுச் சோதனையின் உண்மையான பலம் இந்த இடத்தில் தெரியும். அண்ணனின் நோய்க்குக் காரணமான எழுத்து உறுதியாகக் கண்டுபிடிக்கப்பட்டிருந்தால், தங்கையிடம் அந்த ஓர் இடத்தை மட்டும் பார்த்தால் போதும். அங்கே மாற்றம் இல்லை என்றால் அவளுக்கு வாழ்நாள் முழுவதும் கிளினிக் இல்லை. விடியற்காலை பஸ் இல்லை, அம்மாவின் வேலை நாள் வீணாவதில்லை, நெஞ்சு படபடத்த ஒவ்வொரு தடவையும் பயம் இல்லை. ஆனால் ஒழுங்கு முக்கியம். முதலில் சோதிக்க வேண்டியது நோயுள்ளவரை. அவரிடம் ஒன்றும் கிடைக்காமல், அல்லது நடுப்படி முடிவு வந்திருக்கும்போது தங்கையிடம் ஒன்றும் இல்லை என்பதற்கு எந்த அர்த்தமும் இல்லை. அந்தக் குடும்பம் எக்கோவைத்தான் தொடர வேண்டும். இந்த ஒழுங்கைத் தலைகீழாக்கி, நோயில்லாத பிள்ளையின் இரத்தத்தை முதலில் அனுப்பிப் பணத்தையும் நிம்மதியையும் இழப்பது எந்த ஊரிலும் நடக்கக்கூடிய தவறு.

சிறிய ஊர் என்பதால் பெரிய கண்டுபிடிப்பு நடக்காது என்று எண்ண வேண்டியதில்லை. கிரேக்கத்தின் நக்ஸோஸ் தீவில் பணியாற்றிய நிகோஸ் புரோட்டோனோட்டாரியோஸ் என்ற இதய வைத்தியர் சில குடும்பங்களில் ஒரு விசித்திரத்தைக் கவனித்தார். கம்பளி போன்ற சுருட்டை மயிர், உள்ளங்கையிலும் பாதத்திலும் தடித்த தோல், இவற்றோடு ஆபத்தான இதயத் துடிப்புக் கோளாறு. மூன்றும் ஒரே பிள்ளைகளில். 1986இல் அதை எழுதினார். 2000இல் அதற்கான மரபணு கிடைத்தது. இன்று உலகமே அதை நக்ஸோஸ் நோய் என்று அழைக்கிறது. அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் ஒவ்வொரு பிரதி வந்தால்தான் அந்த நோய் வரும். அதற்கு இடம் கொடுப்பது நெருங்கிய சொந்தத்துக்குள் நடக்கும் கலியாணம். அமெரிக்காவின் ஆமிஷ் மக்களிடையே, முன்பு சொன்ன 25 எழுத்துக் குறை காணப்பட்ட அதே மரபணுவில் ஒரே மாற்றத்தை இரு பக்கத்திலிருந்தும் பெற்ற கைக்குழந்தைகள் ஒரு வயதுக்குள் இறந்த குடும்பங்கள் பதிவாகியிருக்கின்றன.

வெருகல் கரையில் இந்தப் பேச்சை எடுப்பதற்குக் கொஞ்சம் பக்குவம் வேண்டும். மட்டக்களப்புப் பக்கத்தில் குடி தாய்வழியாக எண்ணப்படுகிறது. ஒரே குடிக்குள் கலியாணம் இல்லை. ஆனால் மாமன் மகளும் மாமி மகளும் வேறு குடி, ஆகவே அவர்கள் முறைப்பெண்கள். குடிக் கணக்கில் அந்நியர், மரபணுக் கணக்கில் எட்டில் ஒரு பங்கு பொதுவாக உள்ளவர்கள். இந்த மணமுறையைக் குற்றம் சொல்வதால் ஒரு பயனும் இல்லை. நூற்றாண்டுகளாகக் காணியையும் உறவையும் காத்த முறை அது. தடித்த இதயத்தோடு ஒரு குழந்தை பிறந்த வீட்டில் மட்டும், அடுத்த கலியாணம் பேசும் முன் ஒருமுறை விசாரித்துக்கொள்ளச் சொல்லலாம். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தாய்வழி நினைவு ஆழமான இடத்தில் தந்தைவழிச் சாவுகள் மறந்து போகலாம். இதயத்தசை மரபணு தகப்பனின் கையிலிருந்தும் அதே வாய்ப்பில் இறங்கும். ஆகவே அம்மம்மாவைக் கேட்டது போலவே அப்பப்பாவின் தம்பிகளையும் கேட்க வேண்டும்.

அந்தத் தாளை நிரப்புவதுதான் இங்கே மிகக் கடினம். 2004 டிசம்பர் 26இல் கடல் வந்தது. 2006இல் சண்டை மூண்டு, ஈச்சிலம்பற்று மக்கள் வாகரைக்கும் அங்கிருந்து மட்டக்களப்புக்கும் ஓடினார்கள். திரும்பி வந்தபோது வீட்டோடு கொப்பிகளும் சான்றிதழ்களும் போயிருந்தன. இடம்பெயர்ந்த முகாமில் ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து இறந்தால், அதை யார் பிரேதப் பரிசோதனை செய்தார்கள்? மரணச் சான்றிதழில் மாரடைப்பு என்று இருக்கும், அல்லது சான்றிதழே இராது. முப்பது வயதுக்காரரின் மாரடைப்பும் அறுபது வயதுக்காரரின் மாரடைப்பும் ஒன்றல்ல. முதலாவதைக் கேட்டதும் மரபணு வைத்தியர் பேனாவை எடுத்து அந்தச் சதுரத்தில் ஒரு கேள்விக்குறி போடுவார். குடும்பத்தில் மூத்தவர்கள் இருக்கும்போதே அந்தக் கேள்விகளைக் கேட்டு எழுதி வைப்பது, எந்தச் சோதனைக்கும் முன்பு செய்யக்கூடிய, ஒரு சதமும் செலவில்லாத வேலை. குடும்பநல உத்தியோகத்தர்களுக்கு அந்தச் சதுரமும் வட்டமும் போடப் பழக்குவது ஒரு நாள் பயிற்சிதான்.

விளையாட்டைப் பற்றிய பயமும் பேசப்பட வேண்டியது. முன்பு மரபணு மாற்றம் உள்ள பிள்ளை என்றாலே ஓட்டத்தை நிறுத்துவார்கள். 2023இல் வெளியான ஓர் ஆய்வு, தடிப்பு நோயோ அதன் மரபணுவோ உள்ள 8 முதல் 60 வயது வரையான 1,660 பேரைத் தொடர்ந்து பார்த்தது. கடுமையாக உடற்பயிற்சி செய்தவர்களுக்கும் மற்றவர்களுக்கும் ஆபத்தில் வேறுபாடு தெரியவில்லை. அவர்கள் அனுபவமுள்ள வைத்தியர்களின் கண்காணிப்பில் இருந்தவர்கள் என்பதை மறக்கக் கூடாது. ஆனாலும், எக்கோ சுத்தமாக இருக்கும் பிள்ளையை மரபணுத் தாள் ஒன்றை வைத்துக்கொண்டு மைதானத்திலிருந்து தூக்கிவிட இன்று காரணம் இல்லை. பெண்பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கு வேறொரு பயம் உண்டு. முடிவு ஊருக்குத் தெரிந்தால் கலியாணம் குழம்பிவிடும் என்பது. அந்தப் பயம் நியாயமானது. ஆகவே முடிவு குடும்பத்தின் கையில், மூடிய உறையில் போக வேண்டும். கிளினிக் வரிசையில் உரத்துச் சொல்லப்படக் கூடாது.

கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் மனித மரபியல் பிரிவு 1983இலேயே தொடங்கப்பட்டது. நாட்டில் இந்தத் துறைக்கு அடித்தளம் போட்டது அது. கிழக்கில் அப்படியொரு கிளினிக் மாதத்துக்கு ஒருமுறையாவது நடந்தால், திருகோணமலையிலோ மட்டக்களப்பிலோ, பயணம் பாதியாகும். அதுவரை ஒரு வழி ஏற்கனவே திறந்திருக்கிறது. வடக்கு, கிழக்கின் பல குடும்பங்களுக்கு ரொறன்ரோவிலும் இலண்டனிலும் சித்தப்பாவோ பெரியம்மாவோ இருக்கிறார்கள். அவர்களில் ஒருவருக்கு அங்கே இதயத்தசை நோய் கண்டு, மரபணுச் சோதனையும் முடிந்திருந்தால், அந்த அறிக்கையின் ஒரு பக்கம் ஊரிலுள்ள பிள்ளைகளுக்குப் பெறுமதியானது. அதில் வேண்டியது மூன்றே விஷயம்: மரபணுவின் பெயர், மாற்றம் எழுதப்பட்ட அந்த ஒரு வரி, ஐந்து படிகளில் எந்தப் படி என்ற முடிவு. நோய் தருவது என்று உறுதியாகியிருந்தால், முழுப் பட்டியலையும் வாசிக்கத் தேவையில்லை. அந்த ஓர் இடத்தை மட்டும் பார்க்கும் சோதனை செலவில் மிகச் சிறியது. வாட்ஸ்அப்பில் கலியாணப் படம் அனுப்புவதைப் போல அந்தப் பக்கத்தையும் படம் பிடித்து அனுப்பச் சொல்லிக் கேட்கலாம். சிலர் வெட்கத்தில் மறைப்பார்கள். பெறாமக்களின் உயிரைப் பற்றியது என்று சொல்லிக் கேட்டால் அனுப்புவார்கள்.

அந்த வரி கிளினிக் கொப்பியில் ஒட்டப்படும். இரண்டு பிள்ளைகளின் இரத்தம் இரண்டு ஊதா மூடிக் குழாய்களில் போகும். மாற்றம் உள்ள பிள்ளைக்கு அடுத்த ஆண்டின் எக்கோத் திகதி எழுதப்படும். மற்றப் பிள்ளையின் கொப்பியில், அடுத்த வருகை என்று அச்சிட்ட இடம் நிரப்பப்படாமல் விடப்படும்.